மஞ்சள் டப்பாவில் நான் ஒட்டிய சீல்

தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வழக்கம்போல உன் மாமாதான் தபால்காரரிடம் வாங்கினார். கல்லாவில் உட்கார்ந்தபடியே பிரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, "மாப்ள, தம்பி எழுதியிருக்கு" என்று என்னிடம் நீட்டினார். நீ தங்கியிருக்கும் அறை வாசலில் கிடந்த நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கிறாய் என்றும், அதன் காது மடலெல்லாம் உண்ணி, உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி என்றும், நம் கடை மஞ்சள் டப்பா பவுடர் ஒன்றை மெட்ராசுக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொல்லியும் கடைசியில் நாலு வரி எழுதியிருந்தாய். அந்த நாலு வரிக்குத்தான் இந்தப் பதில். கல்யாணப் பத்திரிகை, மண்டபம், யார் யாரை நேரில் போய் அழைப்பது என்பதெல்லாம் உன் அம்மா தனியாக எழுதுவாள். மஞ்சள் டப்பா வராது. மாமா உனக்காக ஒன்றை எடுத்துக் காகிதம் சுற்றி வைத்திருந்தார், அதை நான் ஒளித்துவிட்டேன். அவர் வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பினாலும் அதைக் குட்டியின் மேல் போடாதே. ஒரு சிட்டிகைகூடப் போடாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம் செலவு செய்கிறேன்.

நான் எப்படி அந்தக் கடைக்கு வந்தேன் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். நான் வேலை பார்த்த பஞ்சாலை மூடிக் கிடந்த எட்டாவது மாதம் உன் மாமா சைக்கிளில் வந்தார். பின்னால் அரிசி மூட்டை. உள்ளே வந்து உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னைப் பார்த்து, "நீங்க ஏன் மாப்ள சும்மா உக்காந்திருக்கணும், நம்ம கடைதானே, வாங்க" என்றார். மறுவாரமே நெல்லித்தோப்பில் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைக்குக் குடிவந்துவிட்டோம். இன்றைக்கும் அதே அறைகள்தான். வீட்டிலிருந்து தெருவுக்கு வரவேண்டுமானால் கடைக்குள் புகுந்து, அவர் கல்லாவைத் தாண்டித்தான் வரவேண்டும். காய்கறி வாங்கப் போனாலும் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போகவேண்டும். நீ அந்த வழியில் ஓடி விளையாடி வளர்ந்தவன், உனக்கு அது வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. அவர் நல்லவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் படுத்திருந்தவர் அவர்தான், நான் இல்லை. எனக்கு ஆத்திரம் வரும்போதெல்லாம் அந்த வராந்தாதான் முன்னால் வந்து நிற்கும், வாயை மூடிக்கொள்வேன்.

கடையில் மனிதருக்கான மருந்து ஒரு பக்கம், மாடு, ஆடு, நாய்க்கானது ஒரு பக்கம், வயலுக்கான பூச்சி மருந்து பின்கட்டில். நாய்ப் பவுடர் மெட்ராசிலிருந்து வரும், நாய்த் தலை படம் போட்ட மஞ்சள் டப்பா. நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று சரக்கு வருவது நின்றது. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப உன் மாமாவுக்கு மனசு வரவில்லை. வீடுகளில் காலி டப்பாவைத் தூக்கிப் போடாமல் கடையில் கொடுத்துவிட்டுப் போவது இங்கே பழக்கம் ஆயிற்றே, அப்படி ஒரு கோணி நிறைய டப்பா கிடந்தது. பின்கட்டிலிருந்த வயல் பவுடரைக் கொஞ்சம், வெள்ளை மாவைக் கொஞ்சம் கலந்து அதில் அடைக்கச் சொன்னார். "பூச்சிய கொல்ற மருந்து எல்லாம் ஒன்னுதான் மாப்ள. ஒரு மாசம் ஓட்டுவோம், அப்புறம் சரக்கு வந்துடும்" என்றார். கலந்தது நான். அடைத்தது நான். மூடியைச் சுற்றி மெல்லிய காகிதப் பட்டை வெட்டி, மைதா பசை தடவி, மடிப்பு தெரியாமல் சீல் ஒட்டியதும் நான். ஆலையில் இழை முடிந்த விரல்கள், சொல்லவா வேண்டும். சரக்கு மறுபடி வர ஆரம்பித்த பிறகும், இதில் லாபம் கண்டதால் கலப்பது நிற்கவில்லை. மெட்ராஸ் கம்பெனி ஆள் ஒருமுறை வந்தபோது என் டப்பாவையே எடுத்துக் காட்டி, பாருங்கள் எங்கள் சரக்கு எவ்வளவு பத்திரமாக வருகிறது என்று பெருமைப்பட்டார். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஒரு மாதம் பதின்மூன்று வருஷமாக இன்னும் முடியவில்லை.

உப்பளம் பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் கடைக்கு வருவார், மதாம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு பிஸ்கட் கொடுப்பார். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி இறந்துபோனவர். பிள்ளைகள் பிரான்சில். வீட்டில் அவரும் பிஜு என்ற வெள்ளை நாயும்தான். அந்த நாயோடு அவர் பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் பேசுவார், அது இரண்டுக்கும் வாலாட்டும். நான் சொன்னால்தான் அவருக்கு மருந்து. டாக்டர் சீட்டைக்கூட என்னிடம் காட்டி, "நீ பாத்து குடு தம்பி" என்பார். ஒருநாள் வந்து, பவுடர் உடம்பில் நிற்க மாட்டேன் என்கிறது, கடற்காற்றில் பறந்துவிடுகிறது, உண்ணி அப்படியே இருக்கிறது என்று குறைப்பட்டார். நான் பெரிய வைத்தியன் மாதிரி யோசனை சொன்னேன். முதலில் தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்துவிடுங்கள், அதன்மேல் பவுடரைத் தூவுங்கள், பிடித்துக்கொள்ளும் என்றேன். நாம் எதற்குத்தான் தேங்காய் எண்ணெய் தேய்க்கவில்லை? சிரங்குக்குத் தேய்க்கிறோம், தீப்புண்ணுக்குத் தேய்க்கிறோம், பிள்ளை வயிற்று வலிக்குத் தொப்புளில் தேய்க்கிறோம். நாய்க்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மதாமுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. மதாம் மடியில் போர்வை சுற்றிய நாய். இறங்கக்கூட இல்லை, "ஏறு தம்பி, மாட்டாஸ்பத்திரிக்கு போவணும்" என்றார். நாயை என் மடிக்கு மாற்றிக்கொண்டேன். கால் நான்கும் இழுத்து இழுத்து வெட்டியது. வாயில் நுரை. எண்ணெய்ப் பிசுக்கும் பவுடரும் சேர்ந்து என் வேட்டியெல்லாம் ஒட்டிக்கொண்டது. அந்த வாடை நான் கலந்த வாடை, எனக்குத் தெரியாதா? டாக்டர் டப்பாவை வாங்கி ஓரத்தில் இருந்த எழுத்தெல்லாம் படித்தார். இந்த மருந்து இப்படிச் செய்யக்கூடாதே என்று முணுமுணுத்துவிட்டு, எண்ணெய் ஏதாவது தடவினீர்களா என்று கேட்டார். எண்ணெயைத் தடவினால் மருந்து தோலோடு நிற்காது, உள்ளே இறங்கிவிடும், யார் இந்த யோசனை சொன்னது என்று அவர் கோபப்பட்டபோது மதாம் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் திரும்பி, "யாரும் சொல்லல டாக்டர். நானாதான் பண்ணேன்" என்றார்.

தம்பி, அதோடு நான் விட்டிருந்தால்கூட ஒருவேளை மன்னிப்பு இருந்திருக்கும். டாக்டர் அடுத்து என்னைப் பார்த்துக் கேட்டார், டப்பாவில் எழுதியிருப்பதுதானே உள்ளே இருக்கிறது என்று. அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, எந்த மருந்து உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் அதற்குத் தகுந்தபடி பார்க்க முடியும், அதற்காகக் கேட்டார். நான், "ஆமா சார், சீல் பிரிக்காம குடுத்தது" என்றேன். பொய்கூட இல்லை பார், சீல் பிரிக்காமல்தான் கொடுத்தேன். நாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள். மத்தியானம் அதன் உயிர் அடங்கிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலே போனதும் என்னால்தான்.

அன்று சாயங்காலம் நான் உன்னைக் குளிப்பாட்டியது உனக்கு நினைவிருக்கலாம். நீ மூன்றாம் வகுப்பு. தலை நிறைய பேன் என்று உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து, அதே மஞ்சள் டப்பாவிலிருந்து பவுடர் தூவித் துணி கட்டிவிடுவாள். நாய்க்கு ஆகிற பவுடர் பிள்ளைக்கு ஆகாதா என்று தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உன்னைத் தரதரவென்று கிணற்றடிக்கு இழுத்துப்போய் சீயக்காய் போட்டு மூன்று முறை தேய்த்தேன். கண் எரிகிறது என்று நீ கத்தினாய், ஓர் அடிகூட வைத்தேன். எதற்கு அடித்தேன் என்று இப்போது சொல்கிறேன். நடுங்கிப்போய் அடித்தேன். உன் அம்மாவிடம் அது பழைய சரக்கு, கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி, டப்பாவைக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தேன். மறுநாள் காலை கடை திறந்தேன். அதே பவுடரில் இரண்டு டப்பா விற்றேன். வீட்டில் புதைத்ததைக் கடையில் எடுத்துக் கொடுத்தேன், தம்பி. இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மதாம் பத்து நாள் கழித்து வந்தார். வாங்க ஒன்றும் இல்லை, சும்மா நின்றார். பிறகு, "எண்ணெய நான் ஜாஸ்தியா போட்டுட்டேனா தம்பி?" என்று கேட்டார். உன் மாமா கல்லாவில் இருந்தார். "கொஞ்சம் ஜாஸ்தியாதான் ஆயிருக்கும் மதாம்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அவர் நாய் வளர்க்கவில்லை. உன் மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன், சொல்லாமல் இல்லை. அவருக்கும் முகம் வாடித்தான் போயிற்று. அன்றிலிருந்து வெள்ளை மாவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டோம். நாங்கள் செய்த பரிகாரம் அவ்வளவுதான். அதற்குமேல் பேசினால், கடையை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் தெருவில் நிற்கலாமா மாப்பிள்ளை என்று அமைதியாகக் கேட்பார். என் பிள்ளைகள், என் அடுப்பு, என் பாய் எல்லாம் அவர் கடைக்குப் பின்னால் இருந்தன. உன் அம்மாவுக்கோ அண்ணன் என்றால் சாமி. அவளிடம் சொன்னால் ஒன்று என்னை நம்ப மாட்டாள், இல்லை அண்ணனை இழப்பாள். இரண்டையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்படியே ஒருநாள் தள்ளி ஒருநாள், தலை நரைத்துவிட்டது.

இனி உன் குட்டி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அதைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போ. அது எத்தனை மாதக் குட்டி, என்ன எடை என்று பார்த்துத்தான் மருந்து சொல்வார்கள். பெரிய நாய்க்கானதைக் குட்டிக்குப் பாதியாகக் குறைத்துப் போடலாம் என்று எந்தக் கடைக்காரனாவது சொன்னால், அவன் என்னைப் போன்றவன் என்று தெரிந்துகொள். நாய்க்கு ஆகிற மருந்து பூனைக்கு ஆகாது, மாட்டுக்கு உள்ளது நாய்க்கு ஆகாது. டாக்டர் எழுதிய பெயரும் டப்பாவில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று எழுத்துக்கூட்டிப் படி. எந்த மிருகத்துக்கு, எவ்வளவு, எந்தத் தேதி வரை என்பது அச்சில் இருக்க வேண்டும், கடைக்காரன் வாயில் இருந்தால் போதாது. பொட்டலம் கட்டித் தருவதை வாங்காதே. மூடியில் ஒட்டிய காகிதத்தை விரல் நகத்தால் ஓரமாகத் தடவிப் பார், கையால் ஒட்டிய பசை எவ்வளவு கெட்டிக்காரன் ஒட்டினாலும் எங்கோ ஓரிடத்தில் திட்டாக இருக்கும். பில் கேள். பில் கேட்டால் முகம் மாறுகிற கடையை விட்டு இறங்கிவிடு. பவுடர் தீர்ந்ததும் டப்பாவை நசுக்கிப் போடு, யாருக்கும் திருப்பிக் கொடுக்காதே. எண்ணெயை மட்டும் தொடாதே. குட்டி நடுங்கினாலோ, எச்சில் ஒழுகினாலோ, உடனே சோப்புப் போட்டு அலசிவிட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடு, என்ன போட்டாய் என்பதை மறைக்காமல் சொல். இதில் ஒன்றுகூட நான் புத்தகத்தில் படித்ததில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் நாய்க்குட்டி மட்டும் இல்லை. தை மாதம் நீ மாமா பெண்ணைக் கட்டிக்கொள்கிறாய். முறைப்பெண், சின்ன வயதிலிருந்து உனக்கு என்று பேசி வைத்தது, உனக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. அவளைப்போல ஒரு பெண் நம் வீட்டுக்கு வர நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீ மருந்துப் படிப்பு முடித்து வாங்கிய சர்டிபிகேட்டுக்குக் கடைச் சுவரில் இப்போதே ஆணி அடித்தாயிற்று. இதுவரை கடை லைசென்சுக்காக வேறு யாரோ ஒருவருடைய சர்டிபிகேட் அங்கே தொங்கியது, அந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. உன்னுடையது தொங்க ஆரம்பித்தால், அந்தக் கடையிலிருந்து போகிற ஒவ்வொரு டப்பாவுக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் வெறும் மைதா பசை ஒட்டினேன். நீ உன் பெயரை ஒட்டப் போகிறாய்.

அந்த ஆணியைப் பார்த்த பிறகு, உன் கடிதம் வருவதற்கு முன்பே, போன வாரம் உப்பளத்துக்குப் போனேன். பதின்மூன்று வருஷத்தில் அந்தத் தெருப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. மதாமுக்குக் கண் மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். காபி கொடுக்கச் சொன்னார். அதைக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், வயல் பவுடர், நான் ஒட்டிய சீல், டாக்டரிடம் சொன்ன பொய், அவரிடம் சொன்ன பொய். என் குரல் வந்த பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார். "பிஜுவ நானே கொன்னுட்டேன்னு மாதா கோயில் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன். ஒரு தடவ இல்ல, எத்தினியோ தடவ" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர், "இப்பவும் அதத்தான் விக்கிறியா?" என்று கேட்டார்.

"விக்கிறேன் மதாம்."

"அப்ப எங்கிட்ட வந்து என்னத்துக்கு சொல்றே? வாங்க வர்றவங்ககிட்ட போயி சொல்லு."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுத் தன்னை உள்ளே கூட்டிப்போகச் சொன்னார். ஆறிய காபியை வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். நடந்தே வந்தேன். பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன் என்பது வரும் வழியில்தான் எனக்கே உறைத்தது.

உன் கடிதம் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, ஒருவர் வந்தார். தோளில் ஒரு கைக்குழந்தை. நாயும் பிள்ளையும் ஒரே பாயில் புரளுகின்றன, உண்ணிப் பவுடர் கொடுங்கள் என்றார். மஞ்சள் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். உன் மாமா இரண்டு கை தூரத்தில் கல்லாவில். டப்பாவின் மேலேயே கையை வைத்துக்கொண்டு, "இது நாய்க்கு உள்ளது இல்லீங்க. உள்ள இருக்கறது வயலுக்கு தூவுறது. சீல் ஒட்டனது நான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மாமா கத்தவில்லை. எழுந்து வந்து டப்பாவைத் துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே நேராக வைத்தார். எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கை அவ்வளவு மென்மையாக இருந்தது, அழுதுவிடுவேன் போல இருந்தது. "நீங்க போயி படுங்க மாப்ள. ரொம்ப நாளா உழைச்சிட்டீங்க. இனிமே எல்லாம் தம்பி வந்து பாத்துக்கும்" என்றார்.

அன்றிலிருந்து நான் கடையில் உட்காரவில்லை. போகும்போதும் வரும்போதும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறேன், அவரும் சிரிக்கிறார். உன் அம்மா எனக்குக் கஷாயம் வைத்துத் தருகிறாள். நேற்று கவுண்டருக்குப் பின்னால் ஒரு புது நாற்காலி வந்து இறங்கியது, கை வைத்தது, சுழல்வது. பாலித்தீன் உறையைப் பிரிக்க வேண்டாம், தம்பி வந்து உட்காரட்டும், அப்புறம் பிரிக்கலாம் என்று உன் மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்பா